மேற்குச் சுவர்

கற்காலத் திருவிழா என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தார்கள். உள்ளே ஒரே கூத்து. ஒரு பக்கம் கட்டையைக் கடைந்து தீ மூட்டக் கற்றுக்கொடுத்தார்கள். புகை வந்ததே தவிர நெருப்பு வரவில்லை. டைனோசர் முகமூடி போட்ட வாண்டு ஒன்று கரண்டிக்காரரின் முழங்காலில் வந்து மோதியது.

"டைனோசர் போய்ச் சேர்ந்து எத்தனையோ கோடி வருஷம் கழிச்சுத்தான் மனுஷனே வந்தான்" என்றார். வாண்டு அவரைப் பார்த்து உறுமிவிட்டு ஓடியது.

மண் சுரண்டும் கரண்டி எப்போதும் கையில் இருந்ததால் அவருக்குக் கரண்டிக்காரர் என்று பெயர். முப்பது வருடங்களுக்கு முன்பு இதே மேட்டில் தொல்லியல் ஆய்வுக்காக ஏழாம் குழியை வெட்டியவர் அவர்தான். கிடைத்த பானைச் சில்லுகளைக் கழுவி எண் எழுதியவள் அவர் மனைவி. ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இழுப்பாள். தட்டில் காயும் சில்லுகளுக்கு முன்னால் அவள் குனிந்து உட்கார்ந்திருந்த மத்தியானங்கள் அவருக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

வேலை முடிந்து குழியை மூடும்போது அடியில் ஒரு கண்ணாடிப் புட்டி வைப்பது அவர்கள் வழக்கம். தேதி, குழி எண், வெட்டியவர் பெயர் எல்லாம் உள்ளே ஒரு சீட்டில் இருக்கும். இங்கே ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா? ஏழாம் குழியின் சீட்டை அவள் எழுதினாள். அன்றைக்கு இருவருக்கும் பேச்சு இல்லை. இவர் வெட்டிய குழியின் மேற்குச் சுவர் கோணல் என்று அவள் சொல்லப்போக, இவருக்கு மூக்குக்கு மேல் கோபம். சீட்டை இவரிடம் காட்டாமலே புட்டியில் போட்டு மூடிவிட்டாள். என்ன எழுதினாய் என்று பிறகு எத்தனை தடவை கேட்டும், "தோண்டிப் பார்த்துக்குங்க" என்பதோடு சரி.

அவள் போய் இரண்டு வருடமாகிறது. திருவிழாவில் ஏழாம் குழியை மறுபடி திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. புட்டி உடைந்திருந்தால்? தாள் ஈரத்தில் கூழாகியிருந்தால்? அவள் பேச்சில் அவர் இன்னும் கேட்காதது அது ஒன்றுதான்.

"அப்பா, கயித்தைத் தாண்டாதீங்க" என்று குழியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றருகே மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

குழிக்குள் இருந்த ஆய்வாளர் பெண் நிமிர்ந்தாள். "புட்டி கெடச்சிருச்சு!"

முழுசாக இருந்தது. மூடியைச் சுற்றிக் கெட்டியாக மெழுகு. ஆய்வாளர் சீட்டைப் பிரித்து மைக்கில் வாசித்தாள். தேதி, எண், பெயர். அப்புறம் தயங்கினாள்.

"கீழே இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கு. 'மேற்குச் சுவர் கோணல். வெட்டியவர் ஒத்துக்கொள்ள மாட்டார். இதைத் திறக்கும் நாளில் எப்படியும் வந்து நிற்பார். வெயிலில் நிற்க விடாமல் முதலில் அவரைச் சாப்பிட வையுங்கள்.'"

கூட்டம் சிரித்தது. மகளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கரண்டிக்காரர் கயிற்றைத் தாண்டினார். இந்த முறை மகள் தடுக்கவில்லை. ஆய்வாளர் நீட்டிய சீட்டில் நடுக்கோடு போட்ட ஏழு அப்படியே இருந்தது. அதைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, "சுவர் நேரா இருக்கான்னு பார்க்கணும், தூக்குக்குண்டு குடும்மா" என்று ஆய்வாளரிடம் கேட்டார்.

மேற்குச் சுவரின் விளிம்பிலிருந்து நூலை இறக்கினார். குண்டு ஆடி நின்றது. அடியில் குண்டுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

"உங்கம்மா சொன்னது சரிதான்" என்றார். "கோணல்தான்."

"சரி, வாங்கப்பா" என்றாள் மகள். "முதல்ல சாப்பிடுங்க."