கணக்கில் வராத கார்

கடல் உறைந்தால்தான் எனக்குச் சம்பளம். பனி இருபத்திரண்டு சென்டிமீட்டர் தடித்ததும், ஜூனிபர் புதரின் கிளைகளை வழி தெரிய வரிசையாக நட்டு, கரையிலிருந்து தீவுக்குப் பனிமேலேயே சாலை போட்டுவிடுவார்கள். கரைமுனைக் கொட்டகையில் நான். பத்து கிலோமீட்டருக்கு அப்பால் தீவுமுனையில் உர்மாஸ். நான் அனுப்பும் கார்களை நான் எண்ணுவேன், வந்துசேர்கிற கார்களை அவர் எண்ணுவார். பொழுது சாய்ந்ததும் சாலைக்குக் குறுக்கே சங்கிலியைக் கட்டிவிட்டு, இரண்டு எண்ணிக்கையையும் ஒத்துப்பார்ப்போம். ஒன்று குறைந்தால் மீட்புப் படையைக் கூப்பிட வேண்டும்.

அன்று முப்பத்தேழு கார்கள். சங்கிலி கட்டி ஐந்து நிமிடம் இருக்கும், என் தம்பி தார்வோ வந்து நின்றான். ஃபின்லாந்தில் கட்டட வேலை செய்கிறான். மீன் ஆலையை மூடியதிலிருந்து எங்கள் தீவு ஆண்களுக்கு அதுதான் கதி. மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. எஸ்தோனியாவில் வீடு கட்ட ஆள் கிடைப்பதில்லை, எல்லோரும் ஃபின்லாந்துக்காரனுக்கு வீடு கட்டப் போய்விட்டார்கள் என்று கேலி பேசுவோம்.

"அக்கா, சங்கிலியக் கொஞ்சம் எறக்கு."

"மூடியாச்சு. காலைல வா."

"ஹெய்லி காத்துக்கிட்டிருக்கா. பொண்ணப் பாத்து மூணு வாரமாச்சு."

"அங்க எவனும் உனக்கு மணி பாக்கச் சொல்லித் தரலியா?"

வழக்கமாக என்றால் பதிலுக்கு என் மூக்கை உடைத்திருப்பான். அன்று, "உன்னக் கெஞ்சிக் கேக்குறேன்கா" என்றான். பிறந்ததிலிருந்து என் தம்பி என்னிடம் கெஞ்சியதில்லை. அதில்தான் நான் விழுந்தேன்.

சங்கிலியை இறக்கினேன், ஆனால் அவனை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. மூடிய பிறகு ஒரு காரை விட்டேன் என்று தெரிந்தால் வேலை போய்விடும். "உர்மாஸ் கண்ணுல படாம பழைய படகுத்துறைப் பக்கம் கரையேறு. போனதும் எனக்குப் போன் பண்ணு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

உர்மாஸ் போனில் கூப்பிட்டார். "இங்க முப்பத்தேழு. உங்கிட்ட?"

"முப்பத்தேழு."

"அப்ப சரி. சூப் ஆறுது, நான் கெளம்புறேன்."

கால் மணி நேரத்தில் கடக்கிற தூரம். அரை மணி ஆகியும் தார்வோவிடமிருந்து தகவல் இல்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவன் மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஹெய்லி, தார்வோ வந்துட்டானா?"

"எங்க வர்றது அண்ணி? நானும் பொண்ணும் எங்கம்மா வீட்டுக்கு வந்துட்டோம். இனிமே சேந்து வாழ முடியாதுன்னு செவ்வாய்க்கிழமையே அவருகிட்டச் சொல்லிட்டேன். தீவு வீடு பூட்டித்தான் கெடக்கு. அவருக்கே தெரியும்."

ஆள் இல்லாத வீட்டுக்குப் போகவா அப்படிக் கெஞ்சினான்? அவன் பனிமேல் இருப்பது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. எண்ணிக்கை ஒத்துப்போய்விட்டது, இனி யாரும் தேடமாட்டார்கள். வேலை போய்விடுமே என்றும் ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மீட்புப் படைக்குச் சொல்லிவிட்டு உர்மாஸைக் கூப்பிட்டேன்.

"உர்மாஸ், முப்பத்தெட்டு."

"என்னது?"

"மூடினப்புறம் தார்வோவ விட்டேன். இன்னும் கரையேறல."

"அறிவிருக்கா உனக்கு?" என்று கேட்டார். அதற்குள் அவர் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. மீட்புப் படைக்குக்கூடக் காத்திராமல் பனி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

நாற்பது நிமிடம் கழித்து அவர் எண் ஒளிர்ந்தது.

"உசுரோட இருக்கான். நடுக்கடல்ல காரை நிறுத்திட்டு உக்காந்திருந்தான். பனி தொய்ஞ்சு டயரச் சுத்தித் தண்ணி ஏறிடுச்சு. இழுத்து வெளிய போட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "பெல்ட் போட்டிருந்தான், லெய்தா."

பனிச்சாலையில் பெல்ட் போடக்கூடாது, வண்டியை நிறுத்தக்கூடாது. பனி உடைந்தால் கதவைத் திறந்து குதிக்க வேண்டுமே. தீவில் நடை பழகுகிற குழந்தைக்கும் இது தெரியும்.

"ஃபின்லாந்துப் பழக்கமா இருக்கும்" என்றார் உர்மாஸ்.

"அப்படித்தான் இருக்கும்" என்றேன் நானும். இருவருமே அதை நம்பவில்லை. "அவங்கிட்டக் குடுங்க."

பல் தந்தியடிக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"நெஜமாவே நேரங்கழிச்சுத்தான் வந்தியாடா நீ?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. மூணு மணிக்கே வந்துட்டேன். நீ சங்கிலி கட்டுற வரைக்கும் காட்டோரமா நின்னுக்கிட்டிருந்தேன்." மூச்சு வாங்கினான். "எண்ணிக்கையில நான் இல்லன்னா யாரும் தேடி வரமாட்டாங்க பாரு. ராத்திரி நேரத்துல உர்மாஸ் பனில எறங்க வேணாம்னு நெனச்சேன்."

ஓவென்று அழுதேன். உடன்பிறந்தவளிடம் அவன் வாய்விட்டுக் கேட்டது அந்தச் சங்கிலியை இறக்குவது ஒன்றுதான், அதையும் என் கையாலேயே செய்துகொடுத்திருக்கிறேன்.

"கரைக்கு வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வா" என்றேன். "போன வைக்காத."