பதினேழாவது இருக்கை

என் மனைவி பொன்னுத்தாயை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, அவள் நின்றிருந்த தீவு படகை விட்டுக் கிளம்பியபோது. கழுவிய எவர்சில்வர் சம்புடத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை உதறிக்கொண்டிருந்தாள். மணி ஒன்று ஐம்பது. தீவு சரியான நேரத்துக்குத்தான் கிளம்பியது.

அட்ரியாட்டிக் கடற்கரையில் தீவுச் சுற்றுலாப் படகுகள் நகர்வதில்லை. டூப்ரோவ்னிக் துறைமுகத்தில் காலை ஒன்பது மணிக்கு ஏறி உட்கார்ந்தால், கட்டின கயிறு கட்டினபடியே இருக்கும். தீவுகள்தான் ஒன்றன் பின் ஒன்றாக வரும். முதலில் பைன் மரத்து வாசனை வரும். அப்புறம் சிள்வண்டுச் சத்தம். அதன் பிறகு வெள்ளைக் கல் படித்துறை மெதுவாக வந்து படகில் முட்டும். பலகை போடுவார்கள். இறங்கிப் பார்த்துவிட்டு, ஊதல் கேட்டதும் திரும்பி ஏறிவிட வேண்டும். ஆட்களை எண்ணிச் சரிபார்த்த பின் பச்சைக் கொடி காட்டுவார்கள். தீவு அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடும். அந்தக் கடலில் ஆயிரத்துக்கும் மேலே தீவுகள் இருப்பதால், போன தீவு மறுபடி வர வருடக்கணக்காகும்.

அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதுவதுதான் வேலை. வியன்னாவில் இருந்த மகனைப் பார்க்கப் போனபோது அவன் எங்கள் இருவருக்கும் இந்தப் படகுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தான். தீவுகள் வந்து போகும் ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

படகில் ஏறும் முன்பே கம்பி இடுக்கு வழியாகப் பதினேழாவது இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டேன். எங்கள் ஊரில் பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போடுவது வழக்கம். துண்டு கிடந்தால் அங்கே ஆள் இருப்பதாகத்தான் அர்த்தம். அதை எடுத்து வீசிவிட்டு உட்காருகிறவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை. அந்தப் படகிலும் அதே வழக்கம்தான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

“இங்கயும் துண்டா?” என்றாள் பொன்னுத்தாய். “வெள்ளக்காரன்லாம் பாக்கான்.”

“பாக்கட்டும். சாயங்காலம் வரைக்கும் வெயிலு. நிழல்ல இந்த ரெண்டு இடந்தான் இருக்கு.”

“மணவறையிலயே துண்டு போட்டு வச்ச ஆளுதான நீங்க.”

“போடலன்னா ஒங்க மாமன் மகன்ல உக்காந்திருப்பான்.”

அவள் சிரித்துக்கொண்டே துண்டை என் கையில் திணித்துவிட்டுப் பதினேழில் உட்கார்ந்தாள். நான் பதினாறில் உட்கார்ந்தேன். எதிரே வெயில் பக்கத்தில், முப்பத்தொன்றாவது இருக்கையில், அகன்ற ஓலைத் தொப்பி வைத்த ஒருவர் இருந்தார். தொப்பியையும் மீறி அவர் மூக்கு தோலுரிந்து சிவந்திருந்தது. அவர் எங்கள் இருக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தீவில் அத்தி மரங்களும் பூனைகளும் இருந்தன. இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். படகில் ஆட்களை எண்ணுகிறவர் பெயர் நிக்ஷா. ஒவ்வொரு இருக்கையையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். நாற்பது வந்ததும் கொடியைத் தூக்குவார்.

இரண்டாவது தீவு பன்னிரண்டு இருபதுக்கு வந்தது. எல்லோரும் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாப்பாட்டுக்குப் படகுக்கு வந்தோம். சுட்ட அயிலை மீன் கொடுத்தார்கள். பொன்னுத்தாய் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள்.

“உப்பத் தவிர ஒண்ணுமில்ல. இந்த மீனு செத்ததே வீணு.”

மகன் வீட்டில் கிளறிக் கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றைச் சம்புடத்தோடு நடுவில் வைத்துச் சாப்பிட்டோம். சம்புடத்தில் என் பெயர் வெட்டியிருந்தது. வாங்கின அன்றே பாத்திரக் கடைக்காரர் யார் பெயரை வெட்டுவது என்று கேட்டபோது, அவள்தான் என் பெயரைச் சொன்னாள். “எம்பேரு வெட்டுனா எந்தப் பொன்னுத்தாய்னு கேப்பாக. தெருவுல நாலு பேரு இருக்கோம்” என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் சம்புடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படகின் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

“கழுவாம மூடுனா வீச்சம் அடிக்கும். மேல மாதா கோயில் பக்கத்துல குழா பாத்தேன். வந்துருதேன்.”

“மணி ஒன்னு முப்பது. ஒன்னு அம்பதுக்குத் தீவு கிளம்பிரும்.”

“தெரியும், டைம்கீப்பரே.”

அவள் பலகையில் இறங்கிப் போனதும் பதினேழில் துண்டைப் போட்டேன்.

ஒன்று நாற்பத்தைந்துக்கு ஊதல் ஊதினார்கள். வெளியே இருந்தவர்கள் வந்து ஏறினார்கள். தொப்பிக்காரர் எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் துண்டின் மேல் கையை வைத்தேன். அவர் மூக்கைத் தடவிக்கொண்டு தன் இடத்துக்கே போனார்.

நிக்ஷா எண்ணிக்கொண்டு வந்தார். பதினைந்து. என் தோளைத் தொட்டுப் பதினாறு. துண்டைத் தொட்டுப் பதினேழு. அப்படியே மேலே போனார்.

கோயில் படிகளில் பொன்னுத்தாய் இறங்கி வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. சம்புடம் வெயிலில் மினுங்கியது. நான் துண்டை எடுத்திருந்தால் பதினேழு காலியாகியிருக்கும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருக்கும். தீவு நின்றிருக்கும். இது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் தொப்பிக்காரர் பாதி எழுந்த நிலையிலேயே இருந்தார். வந்ததும் ‘எங்க என் இடம்’ என்று அவள் கேட்பாள். நான் கையை எடுக்கவில்லை.

நாற்பது என்று சொல்லி நிக்ஷா கொடியைத் தூக்கினார்.

அவள் படித்துறைக்கு வந்து சேர்ந்தபோது இடைவெளி ஒரு முழம் இருந்தது. பிறகு ஒரு கதவு அகலம். பிறகு ஒரு தெரு அகலம். அவள் ஓடவில்லை. சம்புடத்தை உதறிக்கொண்டே சத்தம் போட்டாள்.

“ஏங்க, என் இடத்த விட்றாதீங்க!”

“விடமாட்டேன்” என்றேன்.

தீவு முனையைத் தாண்டித் திரும்பியது. நான் நிக்ஷாவிடம் போனேன்.

“என் மனைவி அந்தத் தீவில் இருக்கிறாள்.”

அவர் பட்டியலைப் பார்த்தார். “பதினேழாவது இருக்கையில் இருக்கிறார்.”

“அது துண்டு.”

“நீங்கள்தானே வைத்தீர்கள்?”

“ஆமாம்.”

“ஆள் இருக்கிறது என்று சொல்லத்தானே வைத்தீர்கள்?”

“ஆமாம்.”

நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். அந்தத் தீவு மறுபடி எப்போது வரும் என்று கேட்டேன். அவர் எச்சில் தொட்டு வெகுநேரம் தாள்களைப் புரட்டினார். ஒன்பது வருடம் கழித்து, செப்டம்பர் பதினான்கு, பகல் பன்னிரண்டு இருபது என்றார்.

மூன்றாவது தீவில் நான் இறங்கவில்லை.

விமான நிலையத்தில் துண்டின் ஓரத்தில் முத்திரை குத்தினார்கள். மகன் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். “அம்மா ரொம்பக் களைச்சிருக்கா” என்று சொல்லிக் கட்டிலில் படுக்க வைத்தான்.

ஊருக்கு வந்த பிறகு வாரம் ஒரு முறை துண்டைத் துவைத்துக் கொடியில் போடுவேன். பக்கத்து வீட்டு வெள்ளையம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டுவாள்.

“என்னண்ணே, மதினிய இப்பிடி உச்சி வெயில்ல காயப் போட்டுட்டீக? நிறம் வெளுத்துராதா?”

நான் எடுத்து நிழலில் போடுவேன். அவள் கல்யாண வீட்டுப் பலகாரம் கொண்டு வந்தால் துண்டின் பக்கத்தில்தான் தட்டை வைப்பாள். “மதினி முன்ன மாதிரி வாயாடுறதில்ல. வயசாயிருச்சுல்ல” என்பாள். அந்தத் துண்டில் நான் ஒரு நாளும் முகம் துடைத்ததில்லை.

அந்த ஒன்பது வருடமும் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். துண்டைத் தீவில் வைத்துவிட்டு அவளைக் கூட்டிவர வேண்டும். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. எண்ணிக்கை கெடாது. இதை இரவும் பகலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவரை நான் செத்துப்போகாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கவலை. அவளைப் பற்றி அப்படி நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் பதினான்காம் தேதி அதே படகில் அதே பதினாறில் உட்கார்ந்தேன். பதினேழில் துண்டு. நிக்ஷாவுக்கு முடி நரைத்திருந்தது. எதிரே வெயில் பக்கத்தில் தொப்பிக்காரரும் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

தீவு பன்னிரண்டு இருபதுக்கு வந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். படித்துறையில் பொன்னுத்தாய் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் லூத்சியா என்ற பெண்தான் வாளியோடு நின்றிருந்தாள். நான் பெயரைச் சொன்னதும், வாருங்கள் என்று முன்னே நடந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் சரிவில் வெள்ளைக் கற்கள் நெருக்கமாக இருந்தன. ஓரத்துக் கல்லின் முன்னால் அவள் வாளியை இறக்கி வைத்தாள்.

“போன குளிர்காலம். வாடைக்காற்று அடித்த வாரம்.”

நான் ஒன்பது மாதம் தாமதம்.

“கஷ்டப்பட்டாளா?”

“இல்லை. கடைசி வரைக்கும் எங்கள் மீனைத் திட்டிக்கொண்டே இருந்தார்.”

லூத்சியா கல்லின் மேல் ஒட்டியிருந்த பைன் ஊசிகளைத் துடைத்துவிட்டாள். “தினமும் பன்னிரண்டு இருபதுக்குப் படித்துறைக்கு வருவார். நாற்காலி கொண்டுவந்து போட்டால் உட்கார மாட்டார். என் இடத்தை அவர் அங்கே பிடித்து வைத்திருக்கிறார், இங்கே உட்கார்ந்தால் அது போய்விடும் என்பார். ஒன்பது வருடமும் நின்றுகொண்டுதான் இருந்தார்.”

நான் துண்டைப் பொன்னுத்தாயின் கல்லின் மேல் விரித்தேன். பக்கத்தில் ஒரு குழிக்கு மட்டும் இடம் இருந்தது. அதன் நடுவில் எவர்சில்வர் சம்புடம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நன்றாகக் கழுவியிருந்தது. இரா. நல்லதம்பி என்று புள்ளி புள்ளியாக என் பெயர் தெரிந்தது.

“இங்கே இடம் குறைவு” என்றாள் லூத்சியா. “தேனீ வளர்க்கிற ஒருவர் சம்புடத்தை நகர்த்தப் பார்த்தார். பொன்னுத்தாய் அவர் கையைத் தட்டிவிட்டார்.”

“நான்தான் நல்லதம்பி. நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.”

அவள் சம்புடத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நல்லதம்பி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் பதிவேட்டில் இருக்கிறார். அந்த இடத்தில் ஆள் இருக்கிறது.”

சம்புடத்தை எடுக்கக் கையை நீட்டினேன். பிடித்து வைத்த இடத்தைக் கலைக்கிறவன் யார் என்பது எனக்குத் தெரியும். கையை இழுத்துக்கொண்டேன்.

ஊதல் கேட்டது. துண்டைப் பொன்னுத்தாயிடமே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் அங்கே பதினேழு காலியாகிவிடும். விடமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

நான் பலகையில் கால் வைப்பதற்கு முன்னால் லூத்சியா முந்திக் கொண்டுவந்த பதிவேட்டை நிக்ஷா வாங்கிப் பார்த்துவிட்டிருந்தார். பதினேழில் துண்டைப் போட்டேன். பதினாறில் உட்காரப் போனேன்.

“அது நல்லதம்பியின் இருக்கை” என்றார் நிக்ஷா. “அவர் தீவில் இருக்கிறார். இனி அது காலி.”

தொப்பிக்காரர் எழுந்து வந்தார். “உட்காரலாமா?” என்று கேட்டார்.

“உக்காருங்க” என்றேன்.

அவர் நிழலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நிக்ஷா எண்ணினார். தொப்பிக்காரர் பதினாறு, துண்டு பதினேழு. முப்பத்தொன்று காலி. மொத்தம் முப்பத்தொன்பது. சரியாக இருந்தது. கொடியைத் தூக்கினார். என்னை அவர் தொடவில்லை. நான் அவளுடைய இருக்கைக்குப் பக்கத்தில், துண்டின் மேல் கையை வைத்தபடி, மாலை வரை நின்றேன். மூன்றாவது தீவு வந்து போனது.

நல்லதம்பி தீவில் இருக்கிறார் என்று நிக்ஷா எழுதிக் கொடுத்த தாளைத் தாலுகா அலுவலகத்தில் சேர்த்தேன். அவர்கள் குடும்ப அட்டையில் ஒரு வரியை அடித்துத் துண்டிடம் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் துண்டை அலசிக் கொடியில் போட்டு, கவ்வியை எடுத்தேன். வெள்ளையம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். என்னைத் தாண்டிக் கொடியைப் பார்த்தாள்.

“மதினி, அண்ணன் இல்லாம வீடே வெறிச்சுன்னு கெடக்கு. தனியா எப்பிடி இருக்கப் போறீக?”

நான் கவ்வியை மாட்டினேன்.

குடும்ப அட்டையில் இப்போது ஒரு பெயர் இருக்கிறது. பொன்னுத்தாய்.