கழற்றி மாட்டிய கூரை

தாடிக்கொம்பு ரோட்டில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் ஜெகபர் அலிக்கு, கூரையைக் கழற்றி மாட்டும் ஜீப் என்றாலே ஆகாது. பிரஷர் கன்னைக் கூரை விளிம்பில் காட்டினால் உள்ளே சீட்டெல்லாம் குளம்தான்.

அன்று வந்த ஜீப்பில் சிறுமலைச் சேறு காய்ந்திருந்தது. அதன் சொந்தக்காரன் தண்டபாணி, ஒட்டன்சத்திரத்துக்காரன், பெண் பார்க்கப் போகிற அவசரத்தில் இருந்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மொடமொடத்தது.

“வாளித் தண்ணியில மெதுவா கழுவித் தாரேன்” என்றார் ஜெகபர் அலி.

“அதுக்கெல்லாம் நேரமில்லீங்க பாய். கன்லயே அடிங்க. கூரையை நானே மாட்டுனேன், சொட்டு எறங்காது.”

“அம்புட்டு நம்பிக்கைன்னா சரி. உள்ள ஏறி உக்காருங்க, அடிக்கிறேன்.”

தண்டபாணி கூரையைப் பார்த்தான். குனிந்து சட்டையைப் பார்த்தான்.

“வாளியிலயே கழுவுங்க பாய். அப்படியொண்ணும் அவசரமில்லீங்க.”