நூறில் ஏழு போனால்

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளைக் கணக்கு டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கணவரும் அப்படியே. அவர் முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பார்க்கின்சன் வந்து கை நடுங்கத் தொடங்கியதும் வேலையை விட்டார். நடுக்கத்தோடு இருவரும் எப்படியோ பழகிவிட்டார்கள். போன வருடம்தான் வேறொன்று ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். காலி நாற்காலியைக் காட்டி, "அவருக்கும் தண்ணி குடு டீச்சர்" என்பார்.

டாக்டரம்மா ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஞாபகப் பரிசோதனை வைப்பார். கேள்விகள் அநேகமாக அதேதான். இந்த முறை ஒரு வாரம் முன்பே டீச்சர் அவரை மேசை முன் உட்காரவைத்தாள்.

"நூறுல ஏழு போனா?"

"தொண்ணூத்தி மூணு."

"அதுல ஏழு போனா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"எண்பத்தாறுங்க. எங்கே, சொல்லுங்க."

வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கவைத்தாள். கையைப் பிடித்து, பரிசோதனையில் வரும் கடிகாரப் படத்தையும் வரையவைத்தாள். அவளிடம் படித்த எவரும் கணக்கில் ஃபெயில் ஆனதில்லை. வீட்டுக்காரர் மட்டும் ஃபெயிலாவதா என்ற வீம்பு. வீம்புக்கு அடியில் பயம்.

அவர் பாஸானார். "பரவாயில்லையே, போன தடவையைவிட நல்லாவே சொல்றாரு" என்றார் டாக்டர். மாத்திரைகளை மாற்றவில்லை.

"ஒரு மணி நேரம் தனியா விட்டுட்டுப் போகலாமா டாக்டர்?"

"இந்த நிலைமையில தாராளமா."

நான்கு மாதம் கழித்து ஒரு மதியம், தூங்கிக்கொண்டிருந்தவரை விட்டுவிட்டு எதிர்க் கட்டடத்துக்கு டியூஷன் எடுக்கப் போனாள். திரும்பி வந்தால், மூன்றாம் மாடியில் கூட்டம். லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை, இருட்டுக் குழிதான். வாட்ச்மேன் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"வேலைக்கால லிஃப்ட் சாவியைப் போட்டுத் திறந்துட்டாரும்மா. உள்ள கால் வைக்கப் பாக்கறாரு, கால் வரல. அப்படியே தரையில ஒட்டிக்கிச்சு. அதுக்குள்ள நான் ஓடி வந்துட்டேன்."

எந்த வாசலைக் கண்டாலும் அவர் கால் இப்படித்தான் உறைந்துபோகும். அந்த நோயை அவள் சபிக்காத நாளில்லை. இன்று அதுதான் அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

"உள்ள ஆள் மாட்டிக்கிட்டிருக்கு டீச்சர்," என்றார் அவர். "விடச் சொல்லு."

மறுநாள் டாக்டர் முன்னால் அவள் உட்காரவில்லை. "நான்தான் பதில் சொல்லிக் குடுத்தேன் டாக்டர்," என்றாள் நின்றபடியே.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது முழுசா குணமாகிறதில்லம்மா. ஆனா தெரிஞ்சிருந்தா அப்பவே மாத்திரையை மாத்தியிருப்பேன். தனியா விடச் சொல்லியிருக்க மாட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பரிசோதனையை மறுபடி வைத்தார்கள். அவளை வெளியே அனுப்பினார்கள். கதவு வழியாக "தொண்ணூத்தி மூணு" என்று அவர் குரல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அவள் உதடுகள் தாமாக 'எண்பத்தாறு' என்றன. வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்தவர் அவள் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். "அன்னிக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல. நீ சொன்னதைச் சொன்னேன்."

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீ ரொம்ப பயந்துபோயிருந்தே."

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். எதற்கு அழுகிறாள் என்பது அதற்குள் அவருக்கு மறந்திருக்க வேண்டும். "யாரு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

புது மாத்திரையில் அந்தக் காலி நாற்காலிக்காரர் வருவது குறைந்தது. டியூஷனை வீட்டுக்கே மாற்றிக்கொண்டாள். வெளியூரில் இருக்கும் மகளிடம் 'அப்பா பாஸ்' என்று பெருமையடித்திருந்தாளே, அவளிடமும் உண்மையைச் சொன்னாள்.

"நாலு மாசமாவாம்மா?" என்றாள் மகள். கோபம்கூட இல்லை. "அப்பாகிட்ட குடு."

டீச்சர் போனை அவர் காதில் வைத்துப் பிடித்தாள். "எப்படிப்பா இருக்கீங்க?" என்று மகள் கேட்பது அவளுக்கும் கேட்டது. அவர் யோசித்தார். பதில் டீச்சரின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, கை வலிக்க வலிக்கப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.