கம்பளியோடு நிறுவை

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் பவுலின்தான் ஆயா. எண்பதுகளில் அங்கே ஒரு புது வழக்கம் வந்தது. மாதாமாதம் பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். நலன்புரி உத்தியோகத்தர் டக்ளஸ் சராசரி நிறையைச் சுவர்த்தாளில் கோடாக வரைவார். வருடப் பங்கு பிரிக்கும்போது எந்தப் பிரிவின் கோடு தாழ்ந்திருக்கிறதோ அங்கே சத்துமா கூடுதலாகப் போகும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. என்ன, அதைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து ஒருவரும் சொல்லவில்லை.

லயத்துப் பெண்களுக்குத் தராசு என்றால் கொழுந்துத் தராசு. நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அதற்கு மேல் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கணக்கப்பிள்ளை வேறு கழிப்பார். அப்படிப்பட்டவர்கள், பிள்ளை மெலிந்திருந்தால் கூட்டிக் கொடுப்பார்கள் என்று கனவா காண்பார்கள்? நிறுவை நாளில் பிள்ளைகள் கம்பளிக்கு மேல் கம்பளி போட்டு, வயிறு முட்டக் கஞ்சி குடித்துவிட்டு வந்தன.

வேலாயியின் மகன் அழகன் நடக்கவேண்டிய வயதில் உட்காரவே சிரமப்பட்டான். "அக்கா, கம்பளிய கழட்டாதீங்க. எங்களுக்குத்தான் கழிக்கிறாங்க, புள்ளைக்காச்சும் கழிக்காம போடுங்க" என்றாள் வேலாயி. பவுலினும் ஒரு காலத்தில் கொழுந்தெடுத்தவள்தான். மனம் இளகிக் கம்பளியோடு நிறுத்தாள். எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் நிறுத்தாள். இரக்கம் என்று நினைத்துக்கொண்டு செய்த மடத்தனம்.

கோடு ஏறியது. டக்ளஸ் பாராட்டினார். கூடுதல் சத்துமா முழுவதும் மேற்பிரிவுக்குப் போய்விட்டது. அப்போதுதான் பவுலினுக்கு விஷயம் விளங்கியது. பிள்ளைகள் அத்தனை பேரையும் வெற்றுடம்போடு மறுபடி நிறுத்தாள். அழகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு டக்ளஸின் அலுவலகமான கந்தோருக்கு ஓடினாள்.

"தப்பு எம்மேல ஐயா. கம்பளியோட நிறுத்துப்புட்டேன். இவன பாருங்க."

டக்ளஸ் பார்த்தார். கல்நெஞ்சக்காரர் அல்ல, முகம் வாடித்தான் போனது. "இந்த வருசத்துப் பங்கு பிரிச்சி முடிஞ்சிருச்சி பவுலின். அங்க குடுத்தத புடுங்க முடியுமா? அதுகளும் புள்ளைங்கதானே. இந்தக் கணக்க எழுதி அனுப்புறேன், அடுத்த வருசம் வரும்."

"அது வரைக்கும் இவன் தாங்குவானா ஐயா?"

டக்ளஸ் பழைய கோட்டை அடித்துவிட்டு, புதிய கோட்டைக் கீழே வரைந்தார்.

பவுலின் தன் வீட்டுச் சோற்றில் கொஞ்சம் பிசைந்து ஊட்டிப் பார்த்தாள். மழைக்காலம் வந்தது. அழகனுக்குச் சளி கட்டியது, அதைத் தாங்க அவன் உடம்பில் ஒன்றுமில்லை. புதைத்துவிட்டு வந்த பிறகு வேலாயி ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

"கம்பளி இல்லாம நிறுத்திருந்தா மா கெடச்சிருக்குமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"கெடச்சிருக்கும்" என்றாள் பவுலின். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அடுத்த நிறுவையில் ஒரு பிள்ளை மேலும் கம்பளி இல்லை. டக்ளஸ் கூட்டிப் பார்த்தார், வகுத்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"சராசரி ஏறியிருக்கே. யாரு தேறியிருக்கா?"

"யாரும் தேறலைங்க ஐயா. அழகன் இல்ல."

டக்ளஸ் இன்னொரு முறை கூட்டி வகுத்துப் பார்த்தார். பிறகு கோட்டை மேலே இழுத்தார். கணக்கு அப்படித்தான் வந்திருந்தது.