ஈரலுக்கு ஊற்றிய இஞ்சித் தண்ணீர்

ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் குடிக்கிற சாமான் எதையாவது கண்டால், வைத்தவர் ஒரு மாதம் எலிக்கூடு கழுவ வேண்டும் என்று இபு சுமார்சி அறிவித்திருந்தார். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தில் இருந்த அந்தத் திசு ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் தலைவி, எல்லோருக்கும் 'இபு', அதாவது அம்மா. சொன்னால் சொன்னதுதான். அங்கே வேலை பார்க்கும் பமுஜி பயபக்தியோடு தலையாட்டினான். மறுநாளே தன் செச்சாங் பானத்தைப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, சாயப் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். செச்சாங் என்கிற பதிமுகக் கட்டையும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த அந்தச் சிவப்புத் தண்ணீர் இல்லாமல் அவனுக்கு வேலை ஓடாது. சமையலறைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஆளாளுக்குக் குடித்துவிட்டு வெறும் பாட்டிலை மிச்சம் வைப்பார்கள்.

அவன் கெட்ட நேரம், உடன் வேலை செய்யும் விகாத்தியின் ஆராய்ச்சியும் அதே கட்டையில்தான். வெளிநாட்டுச் சாயம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது. செச்சாங்கைப் படிகாரத்தோடு காய்ச்சினால் திசுவின் உட்கருக்களில் நன்றாகச் சிவப்புப் பிடிக்கும் என்பது அவள் கட்சி. இபுவுக்கு நம்பிக்கை இல்லை. இன்று ஒரு முறை பார்ப்பேன், பிடிக்காவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடு என்று சொல்லிவிட்டார்.

விகாத்தி எலி ஈரலை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடிச் சில்லில் ஏந்தி, மெழுகைக் கரைத்துத் தயாராக வைத்திருந்தாள். சாயத்தை எடுத்து வா என்று இபு விரட்டவும், பமுஜி குளிர்பெட்டிக்கு ஓடிப்போய், அவள் சாயம்தான் என்று முன்னால் நின்ற பழுப்புப் பாட்டிலைக் கொண்டுவந்தான். தொட்டியில் ஊற்றும்போது நிறம் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. விகாத்தி புருவத்தைச் சுருக்கினாள். பக்கத்தில் இபு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதால் சில்லைத் தொட்டியில் இறக்கினாள்.

அப்போதுதான் பமுஜியின் மூக்கில் இஞ்சி வாசனை ஏறியது. தன் பாட்டிலையே கொண்டுவந்துவிட்டோம் என்று நினைத்தான். நிறுத்தச் சொன்னால் எலிக்கூடு. இஞ்சித் தண்ணீரிலும் நிறம் பிடித்துத் தொலைத்தால் நல்லது என்று ஓர் அற்ப ஆசை. ஈரல் குளித்து முடிக்கும்வரை தெரிந்த பிரார்த்தனையை எல்லாம் முணுமுணுத்தான்.

இபு நுண்ணோக்கியில் குனிந்தார்.

"ஒண்ணுமே பிடிக்கலயே. உட்கரு எங்க இருக்கு, நீயே காட்டு."

விகாத்தி பார்த்தாள். எந்நேரமும் ஆளைக் கலாய்க்கிறவள், தன் குறிப்பேட்டை மூடி ஓரமாக வைத்தாள். பமுஜியால் அதைத் தாங்க முடியவில்லை.

"இபு, அது அவ சாயம் இல்லீங்க. நான் குடிக்க வெச்சிருந்தது. மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்."

எங்கே வைத்திருந்தான் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் பிழைப்பில் மண்ணைப் போட்டாயே பாவி என்று விகாத்தி அவனை வறுத்தெடுத்து, உண்மையான சாயத்தைக் கொண்டுவரத் துரத்தினாள். குளிர்பெட்டியில் இரண்டு பழுப்புப் பாட்டில்கள் நின்றன. ஒன்றில் அவள் கையெழுத்து. இன்னொன்றைத் திறந்து முகர்ந்தான். அவனுடைய பானமேதான், ஒரு சொட்டுக் குறையாமல்.

இரண்டையும் ஏந்திக்கொண்டு வந்து, தொட்டியின் மேல் மூக்கை நீட்டினான். இஞ்சியோடு எலுமிச்சை. புளிப்புப் பட்டால் செச்சாங்கின் சிவப்பு மஞ்சளாக வெளுத்துப்போகும், அது ஊரறிந்த விஷயம்.

"இது என்னோடதும் இல்ல. நான் எலுமிச்சை போடுறதே இல்ல."

"நானும் போடல" என்றாள் விகாத்தி.

அந்தக் குளிர்பெட்டியின் சாவி மூன்று பேரிடம்தான் உண்டு. மூன்றாவது ஆளைத் திரும்பிப் பார்க்க இருவருக்கும் துணிச்சல் வரவில்லை. தொட்டியையே கண்கொட்டாமல் பார்த்தார்கள். இபு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அடுத்த சில்லை எடு" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

படிகாரச் சாயத்தில் முக்கியெடுத்த ஈரலில் உட்கருக்கள் மாதுளை முத்துகளாகச் சிவந்து நின்றன. இபு நெடுநேரம் பார்த்துவிட்டு, ஆராய்ச்சி தொடரட்டும் என்றார். பமுஜியிடம், திங்கட்கிழமை காலை எலி அறைக்கு வந்துவிடு என்றார். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒத்துக்கொண்டவனுக்குத் தண்டனை, சட்டம் போட்டவருக்கு ஒன்றுமில்லையா என்று விகாத்தியிடம் புலம்பித் தீர்த்தான். அவள் சிரித்தாளே தவிர, பரிதாபப்படவில்லை.

திங்கட்கிழமை அவன் போனபோது எலி அறைக் கதவு திறந்துகிடந்தது. உள்ளே இபு முழங்கைவரை உறை மாட்டிக்கொண்டு, மூக்கைச் சுளித்தபடி கூடு கழுவிக்கொண்டிருந்தார்.

"லேட்டா வர்ற" என்றார், திரும்பாமலே. "உன் பாதி அந்தப் பக்கம்."