வரப்புக்கு அந்தப் பக்கத்து மோட்டார்

எங்கள் கச்சிராயபாளையம் பக்கம் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். பூமிக்கடியில் கிடக்கும் தண்ணீருக்கும் யாரும் காசு கேட்பதில்லை. சும்மா கிடைப்பதைச் சும்மா விடுவது பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கிற புத்திசாலிகள் நாங்கள். அந்தப் புத்திசாலிகளில் கண்ணாயிரத்தை முதல் வரிசையிலேயே உட்கார வைக்கலாம்.

அவருடைய கொல்லைக்கும் சித்தப்பா மகன் கலையரசனின் கொல்லைக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அந்தப் பக்கம் அவன் போர்க்கிணறு, இந்தப் பக்கம் இவருடையது. இரண்டும் ஒரே ஊற்றில்தான் வாய் வைத்திருக்கின்றன. அவன் மோட்டார் உறுமினால் போதும், இவர் சாப்பிடுகிற கையை உதறிவிட்டு ஓடிப்போய்த் தம் மோட்டாரைப் போடுவார். பயிர் தண்ணீர் கேட்டதா என்பது வேறு விஷயம்.

இந்த மாசியில் இருவர் கரும்பும் வெட்டுக்கு நின்றது. ஆலை சீக்கிரமே அரவையை நிறுத்தப்போகிறது என்று பேச்சு. அதற்குள் வெட்டி அனுப்பாவிட்டால் ஒரு வருஷத்துப் பாடும் வீண். சித்திரையில் மகள் சுபஸ்ரீக்குக் கல்யாணம் வைத்திருந்த கண்ணாயிரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது பார்த்துக் கலையரசன் மோட்டாரின் காயில் கம்பி எரிந்துபோனது. கழற்றிப் பழுது பார்க்கக் கள்ளக்குறிச்சிக்கு எடுத்துப் போனான். கண்ணாயிரத்துக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. மொத்த ஊற்றும் நம்முடையது என்று கரும்புக்குள் குளமே கட்டிவிட்டார்.

ஆலையிலிருந்து கரும்பு பார்க்க வந்த ஜீவா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"இன்னாங்க இது, நெல்லா நட்டு வெச்சிருக்கீங்க? வெட்டப் போற கரும்புக்கு இம்மாம் தண்ணி காட்டலாமா? சாறுல சக்கரையே ஏறல. அந்தாண்ட காஞ்சிக்கினு நிக்கிதே, அதுதான் பக்குவம்."

அந்தாண்ட நின்றது கலையரசன் கரும்பு. மோட்டார் இல்லாத புண்ணியத்தில் அவனுக்கு முதலில் ஆலையின் கட்டிங் ஆர்டர் வந்தது. வெட்டி ஏற்றியும் விட்டான். கண்ணாயிரத்துக்கு வயிறு எரிந்தது. இருந்தும் ஜீவா சொன்னபடி மோட்டாரை நிறுத்தினார். நிலம் காய்ந்தது, சர்க்கரை ஏறியது, ஆர்டரும் வந்துவிட்டது. மறுநாள் ஆளும் டிராக்டரும் வருவதாகப் பேச்சு. அந்த ஒரு நாள் சும்மா இருந்திருந்தால் போதும்.

காலையில் வரப்புக்கு அப்பால், பழுது பார்த்து வந்த மோட்டார் உறுமியது.

"கேட்டியாடி? வெட்டுன கொல்லையில அவனுக்கு இன்னா தண்ணி வேண்டிக் கெடக்குது?" என்றார் மனைவியிடம்.

"வெட்டுன கட்டையிலேர்ந்து மறுபடி கரும்பு துளுக்க வேணாமா? அவரு வுட்டா வுடட்டும், நீங்க கம்முனு இருங்க," என்றாள் பெரியநாயகி.

"நான் கம்முனு இருந்தா மொத்தத்தையும் உறிஞ்சிக்கினு போய்டுவான்."

"அந்தத் தண்ணிய வெச்சிக்கினு நாம இன்னா பண்ணப் போறோம்?"

கண்ணாயிரம் போய் மோட்டாரைப் போட்டார். கரும்புக்கு விடக்கூடாது என்கிற அறிவு மட்டும் இருந்தது. அதனால் குழாயைத் திருப்பி வண்டிப்பாதையில் விட்டார். சாயந்திரம் கரண்ட் நிற்கும் வரை இரண்டு மோட்டாரும் விட்டுக்கொடுக்கவில்லை. தோற்காத திருப்தியில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் வந்த டிராக்டர் அந்தப் பாதையில் அச்சுவரை புதைந்தது. இன்னொரு வண்டி வந்து இழுத்துக் கரையேற்றியது. "பாத காஞ்சப்புறம் சொல்லி அனுப்புங்க," என்று டிரைவர் அடுத்த ஊர்க் கரும்புக்குப் போய்விட்டார். வெட்ட வந்தவர்களும் அந்த வண்டியிலேயே ஏறிக்கொண்டார்கள். பாதை காய்வதற்குள் அரவை முடிந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். இனி கல்யாணத்துக்கு எங்கே போவது என்று பெரியநாயகி சேற்றோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மத்தியானம் கலையரசன் தோளில் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். பாதையைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"எல்லாம் உன்னாலதான்டா!" என்று பாய்ந்தார் கண்ணாயிரம். "நேத்து பூரா நீ ஓட்டுன, அதான் நானும் ஓட்டுனன்."

"நேத்து நான் ஊர்லயே இல்லியேண்ணே. முந்தாநாளே மோட்டார மாட்டிட்டு மச்சான் வூட்டுக்குப் போய்ட்டன்."

"அப்ப ஓடுனது யாரு, உங்கப்பனா?"

"ஸ்டார்ட்டர ஆட்டோல போட்டுட்டுப் போனண்ணே, கரண்ட் வந்தா மோட்டார் அதுவா ஓடும்," என்றான் கலையரசன். சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "நான் இல்லாத நேரம் பாத்து நீ மொத்தத்தையும் எறைச்சிடுவியோன்னு ஒரு பயம்."